"ஒரே மாதிரிப் பாகம்" என்று சரி போட்டு மாற்றினால் போதுமா? அணுமின் நிலையங்களில் இதை யார் பார்க்கிறார்கள்?

குளிரறை_மின்:

வணக்கம். கொழும்பில் ஒரு குளிர்களஞ்சியத்தில் மின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். ஏற்றுமதிக்குப் போகிற மீனும் இறாலும் வைக்கிற இடம். கரண்ட் போய் ஜெனரேட்டரும் வராவிட்டால் சில மணித்தியாலங்களில் சரக்கு கெடத் தொடங்கிவிடும்.

போன மாதம் பிரதான பலகையில் இருந்த குறைவோல்டேஜ் ரிலே ஒன்று பழுதானது. அந்த மாடல் இப்போது வருவதில்லை. அதே கம்பனியின் புது மாடல் கிடைத்தது, அதே அளவு, அதே கால்கள், அதே வோல்டேஜ். மாற்றினோம். படிவத்தில் "ஒரே மாதிரிப் பாகம்" என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தது நான்தான்.

பழைய ரிலேயில் யாரோ எப்போதோ மூன்று வினாடி தாமதம் வைத்திருந்திருக்கிறார்கள். புதியது பெட்டியில் இருந்து வரும்போதே அரை வினாடியில் இருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கிழமை மழையும் இடியும். வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து எழும்புகிற ஒவ்வொரு தடவையும் ரிலே வெட்டிவிட, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும், பிறகு நிற்கும். ஒரே இரவில் பதினொரு தடவை. அதிகாலை மூன்றரைக்கு உண்மையாகவே கரண்ட் போனபோது ஸ்டார்ட்டர் பட்டரியில் வலு இருக்கவில்லை. இரண்டு அறைச் சரக்கு போய்விட்டது.

இப்போது மாற்றங்களுக்கு ஒழுங்கான நடைமுறை எழுதித் தரும்படி முகாமையாளர் கேட்டிருக்கிறார். ஆகக் கடுமையாக இதைச் செய்கிறவர்கள் யார் என்று தேடினால் எல்லாம் அணுமின் நிலையங்களில்தான் போய் நிற்கிறது. அமெரிக்காவில் 10 சி.எஃப்.ஆர். 50.59 என்று ஒரு விதி. அதன்படி நிலையத்தை நடத்துகிற கம்பனியே மாற்றம் செய்யலாம், சில நிபந்தனைகளுக்குள் அடங்கினால் அரசிடம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டாம். அடங்குகிறதா என்று பார்ப்பதும் அதே கம்பனிதான் என்று வாசித்தேன்.

இது எனக்கு விளங்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? நான் செய்த பிழையை அங்கே ஒருவர் செய்தால் யார் பிடிப்பது? ஒவ்வொரு வால்வுக்கும் பம்புக்கும் ஒழுங்குறுத்துகிற ஆட்களிடம் போய் நிற்பார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் களஞ்சியத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் வேண்டும்.

ஹம்டன்_ஒழுங்கை:

தம்பி, நான் இப்போது வெள்ளவத்தையில் ஓய்வில் இருக்கிறேன். அதற்கு முன் பதினாறு வருடம் அமெரிக்காவில் ஓர் அணுமின் நிலையத்தின் வடிவமைப்பு மாற்றப் பிரிவில் வேலை செய்தேன். நீர் சொல்கிற 50.59 தான் என் வாழ்நாளில் நான் அதிகம் நிரப்பிய படிவம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளும், அங்கே புதிதாக வருகிற பொறியியலாளர்களும் இதில்தான் குழம்புவார்கள். "இந்த மாற்றம் பாதுகாப்பானதா?" என்று 50.59 கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு அதற்கு முன்னமே வடிவமைப்புக் கணக்கு, சுயாதீனச் சரிபார்ப்பு, தரக்கட்டுப்பாடு, நிலையத்தின் மீளாய்வுக் குழு என்று தனி வழி இருக்கிறது. பாதுகாப்பில்லாத மாற்றத்தை யாராலும் செய்ய முடியாது, அங்கே ஒழுங்குறுத்துகிற அரசு ஆணையமான என்.ஆர்.சி. அனுமதி கொடுத்தாலும் முடியாது. 50.59 கேட்பது வேறு. பாதுகாப்பானது என்று நாங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மாற்றத்தை நாங்களே செய்துகொள்ளலாமா, அல்லது எங்களுக்கு உரிமம் கொடுத்தபோது அரசு எதை நம்பிக் கொடுத்ததோ அதையே இது அசைக்கிறதா? அசைக்கிறது என்றால் உரிமத் திருத்தம் கேட்டுப் போய் நிற்க வேண்டும்.

அரசு நம்பியது எங்கே எழுதியிருக்கிறது என்றால் இறுதிப் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையில். பல தொகுதிகள் வரும். இந்தக் குழாய் உடைந்தால் இந்தப் பம்ப் இத்தனை வினாடிக்குள் ஓடும், இத்தனை லீற்றர் தரும், இந்த வால்வு மூடும் என்று எல்லாம் அதில் இருக்கும். மாற்றம் வந்தால் முதலில் ஸ்கிரீனிங். அறிக்கையில் சொன்ன ஒரு வேலையை, அல்லது அதைச் செய்கிற விதத்தை இது பாதிக்கிறதா? இல்லை என்றால் காரணத்தை எழுதி முடித்துவிடலாம். ஆம் என்றால் எட்டுக் கேள்விகள். அறிக்கையில் ஆராய்ந்த விபத்து நடக்கும் வாய்ப்பு சொற்ப அளவுக்கு மேல் கூடுகிறதா, பாதுகாப்புக்கு முக்கியமான கருவி பழுதாகும் வாய்ப்பு கூடுகிறதா, இரண்டினதும் விளைவு மோசமாகிறதா, இதுவரை யோசிக்காத வகை விபத்து வருமா, பழுதானால் இதுவரை யோசிக்காத விளைவு வருமா, எரிபொருள் உறை, குளிர்விப்புச் சுற்று, கட்டுக்காப்புக் கட்டடம் என்ற தடைகளின் எல்லைப் பெறுமதி மாறுகிறதா, கணக்கிடுகிற முறையையே மாற்றிவிட்டோமா. எட்டில் ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் கதை முடிந்தது, அனுமதி இல்லாமல் தொட முடியாது.

அதோடு, உரிமத்துடன் இணைத்த தொழில்நுட்ப வரையறைகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் எட்டுக் கேள்வியும் தேவையில்லை, நேரே என்.ஆர்.சி.யிடம் போக வேண்டியதுதான். இங்கேதான் உம்முடைய ரிலே வருகிறது. அவசர மின்சாரப் பலகைகளில் இருக்கும் குறைவோல்டேஜ் ரிலே எத்தனை வோல்ட்டில், எத்தனை வினாடி தாமதத்தில் வெட்ட வேண்டும் என்பது அந்தத் தொழில்நுட்ப வரையறைகளில் எண்ணாகவே எழுதியிருக்கும். உமது இடத்தில் யாரும் பார்க்காத அந்த மூன்று வினாடி, அங்கே உரிமத்தின் ஒரு துண்டு.

அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1976 ஜூலையில் கனெக்டிகட்டில் உள்ள மில்ஸ்டோன் 2 ஆம் அலகில் வெளி வோல்டேஜ் தாழ்ந்தது. கரண்ட் முழுதாகப் போகவில்லை, அதனால் கரண்ட் போனதைக் கண்டுபிடிக்க வைத்திருந்த ரிலேக்கள் பேசாமல் இருந்தன. ஆனால் மோட்டார்களுக்கு மின்சாரத்தை இணைக்கிற காந்த சுவிட்சுகள், அதாவது கான்டாக்டர்கள், இழுத்துப் பிடிக்கப் போதுமான வோல்டேஜ் இல்லை, கட்டுப்பாட்டுச் சுற்றின் ஃபியூஸ்கள் எரிந்தன. வெளியில் மின்சாரம் இருக்கும்போதே பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்ய முடியாத நிலை. அதற்குப் பிறகுதான் இரண்டாவது அடுக்கு ஒன்றை என்.ஆர்.சி. கட்டாயமாக்கியது. அது தாழ்ந்த வோல்டேஜையும் பிடிக்க வேண்டும், கணநேர விழுகைக்கு வெட்டவும் கூடாது. தாமதம் கூடினால் மோட்டார் பாழ், குறைந்தால் தேவையில்லாமல் டீசலுக்கு மாறும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டும்.

"ஒரே மாதிரி" என்பதில் நானே ஒருமுறை வழுக்கப் பார்த்தேன். பம்ப் மோட்டார் ஒன்று, அதே குதிரைவலு, அதே சட்டகம், வினைத்திறன் கூடியது. நல்லதுதானே என்று தோன்றும். வினைத்திறன் கூடிய மோட்டாரில் சறுக்கல், அதாவது சுழலும் காந்தப் புலத்துக்குப் பின்தங்குவது, குறைவு, அதனால் கொஞ்சம் வேகமாகச் சுழலும். பம்ப் எடுக்கும் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஒரு சதவீதம் வேகம் கூடினால் மூன்று சதவீதம் வலு. அது அவசர டீசலின் சுமைப் பட்டியலில் போய் விழும், அங்கே மிச்சம் இருப்பதே கொஞ்சம். தொடக்க மின்னோட்டமும் கூடுதலாக இருக்கலாம், அப்போது பிரேக்கர் அமைப்பு சரியா என்று பார்க்க வேண்டும். எடை வேறு என்றால் பூகம்பக் கணக்கு. எனக்கு மேல் இருந்த பெண் பொறியியலாளர் ஒருவர் "சுழற்சி வேகம் எத்தனை?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினார். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

யார் பிடிப்பது என்று கேட்டீர். எழுதுகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. உரிமம் முடியும்வரை ஆவணத்தை வைத்திருக்க வேண்டும். செய்த மாற்றங்களின் சுருக்கத்தை இரண்டு வருடத்துக்குள் என்.ஆர்.சி.க்கு அனுப்பவேண்டும். அவர்களுடைய பரிசோதகர்கள் நிலையத்துக்குள்ளேயே அலுவலகம் வைத்திருக்கிறார்கள், எந்தக் கோப்பையும் இழுத்துப் பார்ப்பார்கள். "அதைச் செய்யலாம்" என்று எழுதிய தாளைவிட "இதற்கு 50.59 தேவையில்லை" என்று எழுதிய தாளைத்தான் அவர்கள் ஆவலோடு தேடுவார்கள்.

கொட்டாஞ்சேனை_மழை:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் சான் ஓனோஃப்ரேயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதைச் சொல்லாமல் 50.59 ஐப் பற்றிப் பேச முடியாது.

குளிரறை_மின் அண்ணா, கலிஃபோர்னியாவில் கடற்கரையோரம் இருந்த நிலையம் அது. 2 ஆம், 3 ஆம் அலகுகளின் நீராவி உற்பத்திக்கலன்கள் தேய்ந்துவிட்டன. ஜப்பானின் மிட்சுபிஷி கனரகத் தொழிற்சாலையில் புதியவை செய்து 2009 முதல் 2011 வரையான காலத்தில் மாற்றினார்கள். அது பம்ப் மோட்டார் மாதிரி அல்ல, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டன். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் ஓடுவது உலையைத் தொட்டு வந்த நீர், வெளியே ஓடுவது டர்பைனுக்குப் போகும் நீராவி. அந்தக் குழாய்ச் சுவர்தான் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தடை.

பழையதில் 9,350 குழாய். புதியதில் 9,727. உலோகக் கலவை மாறியது. நடுவில் தாங்கி நின்ற உருளை எடுக்கப்பட்டது, அந்த இடத்துக்கும் குழாய் போட்டார்கள். இவ்வளவும் செய்துவிட்டு 50.59 வழியில்தான் போனார்கள், கலன் மாற்றத்துக்கென்று முழு உரிமத் திருத்த மீளாய்வு நடக்கவில்லை. 2012 ஜனவரி 31 அன்று 3 ஆம் அலகில் குழாய் கசிந்தது, புதுக் கலன் ஓடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. திறந்து பார்த்தால் குழாயோடு குழாய் உரசித் தேய்ந்திருக்கிறது. அழுத்தச் சோதனையில் எட்டுக் குழாய் தாங்கவில்லை. 2013 ஜூன் 7 இல் இரண்டு அலகையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். பழைய கலன்கள் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்தவை.

"ஒரே மாதிரி" என்று ஒரு சொல், அதைச் சொல்லிக்கொண்டு எவ்வளவு பெரிய பொருளும் வாசலைத் தாண்டிப் போகும். கம்பனிக்கு நேரமும் பணமும் மிச்சமாகிற பக்கத்திலேயே தராசு சாய்ந்திருக்கிறது. தங்களுக்குத் தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே பதில் எழுதி, தாங்களே சரி போடுகிற முறையை நான் ஏற்க மாட்டேன். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலான கருவி என்றால் கேள்வியே இல்லாமல் அரசு பார்க்க வேண்டும்.

ஹம்டன்_ஒழுங்கை:

தம்பி சொன்ன எண்கள் சரி. நான் தவிர்க்கவில்லை, நீளம் கூடிவிட்டது என்று நிறுத்தினேன்.

அந்தக் கலன்கள் தோற்றது எதனால்? மேலே குழாய்கள் வளைகிற இடத்தில் நீராவி எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்று கணித்த கணினி நிரல், உண்மையைவிட மிகவும் குறைவாகக் காட்டியது. உண்மையான வேகத்தில் குழாய்கள் நடுங்கின, அதுவும் வளைவின் தளத்துக்குள்ளேயே, அந்தத் திசையில் ஆடாது என்று தொழிலில் எல்லோரும் நம்பியிருந்த பக்கமாக. உரிமத் திருத்தம் கேட்டிருந்தால் அரசின் ஆட்கள் அந்த நிரலைத் தோண்டியிருப்பார்களா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு ஜோடிக் கண் பட்டிருக்கும், பொதுமக்களும் விசாரணை கேட்க உரிமை வந்திருக்கும். அந்த வாய்ப்பு இழந்ததை நான் மறுக்க மாட்டேன்.

விதியின் பலவீனம் எட்டுக் கேள்வியில் இல்லை என்பது என் எண்ணம். "பழையதோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம்?" என்ற முதல் பட்டியலில் இருக்கிறது. அதில் ஒரு வரி விடுபட்டால் எட்டுக் கேள்விக்கும் உண்மையாகவே "இல்லை" என்று எழுதலாம், பொய் ஒன்றும் சொல்லாமலே பிழை போய்விடும். நம் நண்பரின் ரிலேயிலும் அதுதான் நடந்தது.

விதி அசையாமல் நின்றதும் இல்லை. 1962 இல் இருந்து இருந்த விதியில் வாய்ப்பு துளி கூடினாலும் அனுமதி வேண்டும் என்கிற மாதிரி எழுதியிருந்தது, நடைமுறையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசித்தார்கள். 1990களின் நடுவில் அதே மில்ஸ்டோனில், எரிபொருள் மாற்றும்போது முழு எரிபொருளையும் ஒரேயடியாக, எரிந்த எரிபொருள் வைக்கிற குளத்துக்கு மாற்றுகிற பழக்கம் பாதுகாப்பு அறிக்கையில் சொன்னதோடு பொருந்தவில்லை என்று உள்ளே வேலை செய்தவர் கிளப்பினார். மூன்று அலகும் மூடிக் கிடந்தன, 1 ஆம் அலகு திரும்ப ஓடவே இல்லை. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் 1999 இல் இப்போதைய வடிவத்துக்கு விதியைத் திருத்தினார்கள்.

டீசல்_அறை:

ஜெனரேட்டர் வேலை எனக்கு இருபது வருடம். சத்திரசிகிச்சைக் கூடங்கள், தரவு மையங்கள் என்று கொழும்பு முழுக்க அலைந்திருக்கிறேன். கேள்வி கேட்டவருக்கு என் பங்கு ஃபோஸ்மார்க். சுவீடனில் உள்ள அணுமின் நிலையம், 2006 ஜூலை 25. இதை வாசித்த இரவு நான் தூங்கவில்லை.

வெளியே 400 கிலோவோல்ட் முற்றத்தில் பராமரிப்பு வேலையின்போது ஒரு குறுஞ்சுற்று. 1 ஆம் அலகு வலையமைப்பில் இருந்து பிரிந்தது. பிரிந்தவுடன் ஜெனரேட்டர் பக்கம் வோல்டேஜ் எகிறி, அது உள்ளே பட்டரியோடு இருக்கிற யூ.பி.எஸ். கருவிகள் வரை போனது. நான்கு வரிசை, ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று நான்கு. அதில் இரண்டு யூ.பி.எஸ். தங்களைக் காத்துக்கொள்ளத் தாங்களே அணைந்துவிட்டன, பட்டரி நிறைந்திருக்க. நான்கு டீசலும் ஓடத் தொடங்கின. ஆனால் இரண்டு டீசல் தம் பலகையோடு இணையவில்லை, ஏனென்றால் இணைப்பதற்கான கட்டுப்பாட்டு மின்சாரம் அந்த அணைந்த யூ.பி.எஸ்.ஸில் இருந்து வரவேண்டும். கட்டுப்பாட்டு அறையில் பாதித் திரைகள் இருட்டு. ஆட்கள் கையால் இணைக்கும்வரை இருபது நிமிடத்துக்கு மேல்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டர்பைன் வேகம் குறையும்போது ஜெனரேட்டரைச் சரியான நேரத்தில் பிரிக்க வேண்டிய குறை அதிர்வெண் ரிலேக்கள் வேலை செய்யவில்லை. அவை அதற்கு முந்திய வருடம் 2005 இல் புதிதாக மாற்றியவை. பழையவற்றுக்கு மூன்று மின்கட்டங்களையும் (ஃபேஸ்) எந்த வரிசையில் இணைத்தாலும் பரவாயில்லை, புதியவற்றுக்கு வரிசை முக்கியம். வரிசை பிழையாக இணைத்திருந்தார்கள். மாற்றியபின் செய்த சோதனையில் அது பிடிபடவில்லை.

யூ.பி.எஸ்.ஸும் முன்பு ஒருமுறை நவீனமாக்கியவைதான். நான்கும் ஒரே தயாரிப்பு, ஒரே அமைப்பு. ஒரே வீட்டில் நான்கு பேருக்கு ஒரே காய்ச்சல் வருகிற மாதிரி, ஒரு எகிறல் நான்கையும் ஒன்றாகச் சாய்த்திருக்கலாம், இரண்டோடு நின்றது. பழைய அனலொக் அட்டைகளை எடுத்துவிட்டு மென்பொருள் உள்ள கருவிகளைப் போடும்போது இன்றைக்கும் எல்லோரும் தலையை உடைக்கிற இடம் இதுதான். நான்கு வரிசையிலும் ஒரே நிரல் என்றால் அதில் உள்ள ஒரு பிழை நான்கிலும் ஒரே நேரத்தில் எழும்பும். ஐயா சொன்ன எட்டில் "யோசிக்காத விளைவு வருமா" என்கிற கேள்வி அங்கேதான் கடிக்கும்.

உங்கள் படிவத்துக்கு நான் சொல்வது: மாற்றியபின் சோதனை என்று "ரிலே ஓன் ஆகிறது" என்று பார்க்காதீர்கள். பிரதான பிரேக்கரை உண்மையாகவே வெட்டுங்கள். வோல்டேஜைக் குறைத்துக் காட்டுங்கள், எத்தனை வினாடியில் வெட்டுகிறது என்று கடிகாரம் வையுங்கள். ஸ்டார்ட்டர் பட்டரி தொடர்ந்து எத்தனை தடவை தொடக்கும் என்று எண்ணுங்கள்.

இன்னொன்று, பாகம் எங்கே வாங்குகிறீர்கள்? புறக்கோட்டையில் பெட்டி, லேபல், தொடர் இலக்கம் எல்லாம் அச்சாக இருந்த ஒரு கான்டாக்டர் என் கைக்கு வந்தது, கழற்றினால் உள்ளே தொடுமுனை பாதி தடிப்பம். இது நமக்கு மட்டும் உள்ள வருத்தம் அல்ல. தென் கொரியாவில் 2012 இல் அணுமின் நிலையங்களுக்கு வந்த பாகங்களின் தரச் சான்றிதழ்கள் போலி என்று தெரியவந்து அலகுகளை நிறுத்தினார்கள், 2013 இல் கட்டுப்பாட்டுக் கேபிள்களின் சோதனை அறிக்கையே போலி என்று மறுபடி நிறுத்தினார்கள். தாளில் ஒரே மாதிரி, உள்ளே வேறு.

கதிர்_இயற்பியல்:

கொழும்பில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். கதிர்ச் சிகிச்சை கொடுக்கிற கருவியான நேர்கோட்டு முடுக்கியில் ஒரு பாகத்தைத் தொழில்நுட்பவியலாளர் மாற்றிவிட்டுப் போனால், கற்றையின் அளவை நான் அளந்து கையெழுத்து வைக்கும்வரை அடுத்த நோயாளி உள்ளே போக முடியாது. மாற்றியவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைப் பற்றிய பேச்சே இல்லை, அளக்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். இருபது நோயாளிகள் வெளியே காத்திருக்கும்போது அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை, ஆனால் இந்தப் பிரிப்பு சட்டத்தில் வந்துவிட்டது. 1969 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரே அதிகாரசபைதான் அணுத் தொழில்நுட்பத்தை வளர்த்ததும் கண்காணித்ததும். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் அதை இரண்டாக்கியது, வளர்ப்பதற்கு ஒரு சபை, ஒழுங்குறுத்துவதற்குத் தனியாக ஒரு பேரவை. அணுமின்சாரம் வேண்டுமா என்று இங்கே பேசுகிறவர்கள் நிலையத்தின் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். ஐயா சொன்ன மாதிரிக் கோப்பை இழுத்துப் பார்த்து "சுழற்சி வேகம் எத்தனை?" என்று கேட்கக்கூடிய ஆட்களை உருவாக்க எத்தனை வருடம் எடுக்கும் என்பதுதான் என் கவலை.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு: கூடங்குளம் கற்பிட்டிக் கரையில் இருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 225 கிலோமீட்டர். ஆகவே இந்தியாவில் மாற்றங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது நமக்கும் பக்கத்து வீட்டு விஷயம். அங்கே படிப்படியாகப் போகும். நிலையத்தின் உள்ளே ஒரு மீளாய்வுக் குழு, பிறகு இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகக் குழு, பிறகு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கீழ், ஓடுகிற நிலையங்களுக்கென்று இருக்கிற சார்காப் என்ற குழு. 2013 ஏப்ரலில் கூடங்குளம் 1 ஆம் அலகு தொடங்குமுன் நடந்த சோதனையில் ஒரு வகை வால்வில் நான்கு சரியாக வேலை செய்யவில்லை என்று வாரியம் சொல்லி, பாகங்களை மாற்ற வைத்தது. ஆயிரக்கணக்கான வால்வில் நான்கு. இது முறை வேலை செய்ததற்கு அடையாளம் என்றே நான் பார்க்கிறேன். ஆனால் வாரியத்தின் சுதந்திரம் போதாது என்று இந்தியாவின் கணக்காய்வாளர் நாயகமே 2012 இல் அறிக்கை கொடுத்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மாற்றாமல் விட்டதால் வந்த வினையும் உண்டு, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. நரோரா அணுமின் நிலையம், உத்தரப் பிரதேசம், 1993 மார்ச் 31. டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு பிளேடு உடைந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீ, தீயில் கேபிள்கள் எரிந்து நிலையம் முழுக்க 17 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்பால் கொதிகலன்களுக்கு நீர் கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். அந்த வகைப் பிளேடு பலவீனமானது, மாற்ற வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் முன்னமே எச்சரித்திருந்தார்கள். மாற்றத்துக்கு இவ்வளவு தாள் வேண்டும் என்று வைத்துவிட்டு, மாற்றாமல் இருப்பதற்கு ஒரு தாளும் வேண்டாம் என்று விட்டால், மனிதர் எந்தப் பக்கம் போவார்கள்? அண்ணா, உங்கள் நடைமுறையில் "எச்சரிக்கை வந்தது, மாற்றவில்லை, காரணம் இது, கையெழுத்து" என்று ஒரு வரி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_மழை:

அக்கா சொன்ன கடைசி வரி எனக்குப் பிடித்தது. நான் இன்னமும் பெரிய கருவிகளுக்கு அரசு கட்டாயம் பார்க்க வேண்டும் என்ற பக்கம்தான், ஆனால் எல்லாவற்றையும் அரசிடம் அனுப்பினால் நரோரா மாதிரி மாற்றங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும் என்பது விளங்குகிறது. ஐயா, ஒரு வித்தியாசம் விடுபட்டால் பொய்யே இல்லாமல் பிழை போகும் என்றீர்களே, அதைத் தடுக்க உங்கள் நிலையத்தில் என்ன செய்தார்கள்?

ஹம்டன்_ஒழுங்கை:

இரண்டு விஷயம் செய்தார்கள். பட்டியலைப் பொறியியலாளர் தனியாக எழுதக் கூடாது, அந்தக் கருவியைக் கையால் தொட்டுப் பராமரிக்கிற ஆளும் நடத்துகிற ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். "இந்தத் திருகை எப்போதும் மூன்றில் வைப்போம்" என்று சொல்லக்கூடியவர் அவர்தான், வரைபடத்தில் அது இருக்காது. இரண்டாவது, "வித்தியாசம் இல்லை" என்று எழுத அனுமதி இல்லை. எதைப் பார்த்தீர்கள், பழையதில் என்ன பெறுமதி, புதியதில் என்ன பெறுமதி என்று இரண்டு நிரலாக எழுத வேண்டும். வெறுமையாக இருந்தால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவார்.

குளிரறை_மின்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

இன்று காலை பழுதுப் பெட்டியைக் கொட்டித் தேடிப் பழைய ரிலேயை எடுத்தேன். திருகு மூன்றில் நிற்கிறது, பக்கத்தில் யாரோ பேனாவால் சின்னக் கோடு போட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஓம் தம்பி, மழைக்காலத்தில் சும்மா சும்மா வெட்டினது, நான்தான் ஏற்றி வைத்தேன்" என்றார். எங்கும் எழுதி வைக்கவில்லை, கேட்க யாரும் இருக்கவும் இல்லை.

படிவத்தில் இருந்து "ஒரே மாதிரிப் பாகம்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். பழைய பெறுமதி, புதிய பெறுமதி என்று இரண்டு நிரல். கீழே பராமரிக்கிறவரின் கையெழுத்து, சோதிக்கிறவர் வேறு ஆள். அக்கா சொன்ன "மாற்றவில்லை, காரணம்" வரியையும் சேர்த்தேன். குளிர்விப்பு வாயுச் சுற்றும் ஜெனரேட்டர் பக்கமும் என்றால் வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறேன், முகாமையாளர் செலவைப் பற்றிக் கேட்டார், போன இரண்டு அறைச் சரக்கின் பெறுமதியைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இரவு அறைகள் பாதி காலியாக இருக்கும், பிரதான பிரேக்கரை வெட்டிப் பார்க்கப் போகிறோம். டீசல்_அறை அண்ணா, பட்டரி எத்தனை தடவை தாங்க வேண்டும் என்று ஓர் எண் சொல்லுங்கள். ஹம்டன் ஐயா, ஞாயிறு நான் வெள்ளவத்தைப் பக்கம் வருவேன், நேரம் இருந்தால் படிவத்தை ஒருக்கால் உங்களிடம் காட்டலாமா?